உடம்பைக் கேட்டு ஒரு மனு

சந்தையில் கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். என் வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தவர் என் கணவரின் அண்ணன், முனியாண்டி மாமா. புக்கிட் காதிலிலிருந்து அத்தனை மூங்கிலையும் சைக்கிளில் கட்டி மிதித்தே கொண்டுவந்திருந்தார். கூட வந்த உறவுக்காரர்கள் தென்னை ஓலை முடைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மக்சிக் தெய்வானை (மக்சிக் என்றால் மலாயில் அத்தை) எல்லோருக்கும் கறுப்புக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காப்பி என் வீட்டுத் தூள்.

"யாருக்கு மாமா?" என்று கேட்டேன்.

மாமா எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தார். "மனச திடப்படுத்திக்கம்மா" என்றார். பிறகு என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னிக்குப் போயா மீன் வாங்குவ?"

எனக்குத் தாலி அறுந்துவிட்டது என்ற செய்தி இப்படித்தான் வந்து சேர்ந்தது. அன்று காலையில்தான் என் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று வக்கீல் எனக்கு உறுதி சொல்லி அனுப்பியிருந்தார்.

மைக் ராமையா

என் கணவர் பெயர் ராமையா. அதை எழுத இந்த வயதில்தான் துணிச்சல் வந்திருக்கிறது. சொல்வதற்கு இன்னும் வரவில்லை.

ஊரில் அவருக்கு மைக் ராமையா என்று பெயர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் அவருடைய மைக் செட்தான். கூம்பு ஸ்பீக்கர் இரண்டு, லாரி பேட்டரி ஒன்று, பிடிவாதமான ஒரு ஆம்ப்ளிஃபையர். அந்த ஆம்ப்ளிஃபையரைத் தட்டினால் பாடும், கொஞ்சினால் பாடாது.

அவருக்கு மைக்கே தேவையில்லை என்பது என் கருத்து. பின்கட்டிலிருந்து உப்பு கேட்டால் தெருமுனையில் யாராவது உப்பு எடுத்துக்கொண்டு வருவார்கள். கல்யாணமான புதிதில் ரகசியம் பேசக்கூட நாங்கள் பெரிய மழைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

மலாக்காவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மன் திருவிழா. மைக் செட்டுடன் போனார், வந்தார், நன்றாகச் சாப்பிட்டதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து உச்சி வெயிலில் போலீஸ் வந்தது. மேஜைக்கு அடியில் படுத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த மனுஷனைக் காலைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் துப்பறியும் இலாகாவில் வேலை செய்த சிலுவைமுத்து. எங்களுக்கு அடுத்த வரிசை வீட்டுக்காரர்தான்.

"அண்ணே, கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போயிடுங்க" என்றார்.

"சோறு வடிக்கிறேன். எல்லாரும் சாப்பிட்டுட்டே போகலாமே" என்றேன் நான்.

சிலுவைமுத்து என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் 'கொஞ்சம்' அடுத்த தீபாவளி தாண்டியும் நீண்டது.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில்

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே ராணுவம், நடுவில் நாங்கள். சந்தேகப்பட்ட யாரையும் வழக்கில்லாமல், விசாரணையில்லாமல் பிடித்து வைக்கலாம் என்று சட்டம் இருந்தது.

அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டத்துப் பாதையில் லாரிகள் எரிந்தன. சிலுவைமுத்துவின் தம்பி லாரி ஓட்டியவன். கலகலவென்று சிரிக்கிற பையன். ரப்பர் பால் ஏற்றிக்கொண்டு போனவனைச் சுட்டுவிட்டார்கள். அடக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அதற்குப் பிறகு சாலையில் பஸ்ஸை நிறுத்தி, காட்டிலிருப்பவர்களுக்குக் கொடுக்க இடுப்பிலும் கூடையிலும் அரிசி ஒளித்திருக்கிறோமா என்று தடவிப் பார்த்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை. பார்க்கட்டும் என்றுதான் நினைத்தோம். யாரையாவது கொண்டுபோனால், "ஏதாச்சும் இருக்கும்லா, சும்மாவா புடிப்பாங்க" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

இப்போது அதே தெருவில், அதே வாக்கியத்தை, என் வீட்டைப் பார்த்துச் சொன்னார்கள்.

நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். மேஜைக்குப் பின்னால் ஒரு பெரிய மீசை இருந்தது.

"அவரை எங்கே வச்சிருக்கீங்க?"

"எமர்ஜென்சி" என்றது மீசை.

"என்ன தப்புப் பண்ணாரு?"

"எமர்ஜென்சி."

"மாத்து வேட்டியாச்சும் குடுத்துட்டுப் போறேன்."

மீசை இதற்குக் கொஞ்சம் யோசித்தது. வேட்டியை வாங்கி உதறிப் பார்த்தது. பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, "எமர்ஜென்சி" என்றது.

வக்கீலின் லத்தீன்

துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே வரிசையில் இருக்கும். அதே தெருவில் ஒரு மாடி அறையில் வக்கீல் நவரத்தினம் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கோயில் மணி அடிக்கும்போதும் பாங்கு சொல்லும்போதும் பேச்சை நிறுத்திவிடுவார். அதனால் அவரிடம் அரை மணி நேரம் பேச ஒரு மணி நேரம் வேண்டும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "ஒரு மனு போடலாம். ஹேபியஸ் கோர்ப்பஸ்" என்றார்.

"அது என்னங்க?"

"லத்தீன். உடம்பைக் கொண்டு வா எண்டு அர்த்தம். பிடிச்சு வச்சிருக்கிற ஆளை நீதிபதிக்கு முன்னால கொண்டு வந்து நிறுத்து, ஏன் வச்சிருக்கிறாய் எண்டு சொல்லு. அவ்வளவுதான்."

"இவ்வளவு நல்ல விஷயத்தை ஏங்க லத்தீன்ல வச்சிருக்காங்க?"

வக்கீல் சிரிக்கவில்லை. "இந்தக் காலத்தில அது வேலை செய்யுமோ தெரியாது, பிள்ளை. போட்டுப் பாப்பம்" என்றார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் மறுபடி போனபோது, மனு போட்டாயிற்று என்றார். "உங்கட மனுசன் உயிரோட இருக்கிறார். அது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வருவினம்."

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பிள்ளையார் கோயிலில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, சந்தைக்குப் போய் மீன் வாங்கினேன். அவர் வந்து சாப்பிடப்போவதில்லை என்றாலும், வீட்டில் மீன் குழம்பு வாசனை வந்து வெகுநாளாகியிருந்தது.

நான் கோயிலில் உட்கார்ந்திருந்த நேரத்தில், வக்கீலின் கிராணி, அதாவது குமாஸ்தா, சின்னப்பன் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸில் கேட்டதை அப்படியே தமிழாக்கி ஊருக்குச் சொல்வது அவருக்கு ஒரு பொதுச் சேவை.

"மைக் ராமையாவோட உடம்பக் கேட்டு மனு போட்டாச்சு" என்றாராம். "வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு உடம்பு வருது."

பக்கத்து மேஜையில் இருந்தவர் மாமாவின் ஊர், புக்கிட் காதில்காரர்.

பெலும்

மறுபடி வாசலுக்கு வருகிறேன்.

நான் மீன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, அவர் சாகவில்லை, அது லத்தீன், உடம்பு என்றால் ஆள் என்று சொன்னேன். மாமா தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் மெல்ல என்னைப் பிடித்து உட்காரவைத்து, நெற்றியில் தண்ணீர் தெளித்தார்.

"அதிர்ச்சி" என்றார் மாமா. "லத்தீங்குது, என்னென்னமோ சொல்லுது."

மக்சிக் தெய்வானை காப்பிக் கெண்டியோடு வந்தார். அவர் மலாக்கா செட்டி, பல நூறு வருஷம் முன்பு இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர் வழி வந்தவர். கோயிலும் குங்குமமும் எங்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம். பேச்சு மட்டும் மலாய். தமிழ் பத்துச் சொல் தெரியும். அவர் என் தோளைத் தொட்டு, "சூடா மாத்தி?" என்று கேட்டார். செத்துவிட்டாரா?

மலாயில் 'சூடா', அதாவது 'ஆச்சா', என்று கேட்டால் 'பெலும்' என்றுதான் பதில் சொல்லிப் பழக்கம். சாப்பிட்டாச்சா? பெலும். குளிச்சாச்சா? பெலும். நானும் அதே வேகத்தில், "பெலும்" என்றேன்.

பெலும் என்றால் 'இன்னும் இல்லை.'

மக்சிக் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு மிகவும் பரிவாக, அப்படியானால் எப்போது என்று கேட்டார்.

அன்று மாலைவரை என்னால் ஒருவரையும் நம்பவைக்க முடியவில்லை. மாமா பாடையைக் கட்டி முடித்தார். அவர் கை வேலையில் கெட்டி. பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். மீனை மக்சிக் எடுத்துக்கொண்டு போய்விட்டார். துக்க வீட்டில் மீன் இருக்கக் கூடாதாம்.

நீதிபதியால் முடிந்தது

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு உறவுக்காரர்கள் அத்தனை பேரும் வெள்ளை உடுத்தி வந்தார்கள். மாமா கையில் சம்பங்கி மாலை. வக்கீல் நவரத்தினம் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் காகிதத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பக்கக் கதவு திறந்தது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அவர் நடந்து வந்தார். இளைத்திருந்தார். தாடி. கைதான அன்று உடுத்தியிருந்த அதே வேட்டி.

மாமா மாலையோடு எழுந்து நின்றுவிட்டார். "ராமையா" என்றார்.

நீதிபதி வெள்ளைக்காரர். மூக்குக் கண்ணாடியை இறக்கி, இவர் யார் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் மாமாவிடம் குனிந்து விசாரித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இறந்தவரின் அண்ணனாம், கனம் நீதிபதி அவர்களே. உடம்பை வாங்கிப்போக வந்திருக்கிறார்."

நீதிபதி என் கணவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "உடம்பு நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. உட்காரச் சொல்லுங்கள்" என்றார்.

என் கணவரோ உறவுக்காரர்களின் வெள்ளை உடையையும் மாலையையும் பார்த்து வெளிறிப் போயிருந்தார். கூண்டுக்குள்ளிருந்து, ரகசியமாகத்தான் கேட்பதாக நினைத்துக்கொண்டு, கோர்ட் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"யார்ணே செத்தது?"

"நீதாண்டா" என்றார் மாமா.

சிரிப்பு அதோடு முடிந்தது. அரசாங்க வக்கீல் எழுந்து ஒரு காகிதத்தைக் காட்டினார். பிடித்து வைக்கும் உத்தரவு. காரணம் சொல்ல முடியாது, பொதுப் பாதுகாப்பு என்றார். நவரத்தினம் பேசினார், வியர்க்க வியர்க்கப் பேசினார். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கு மெல்லச் சொன்னார்.

"கையெழுத்து சரியா இருக்கான்னு மட்டும்தான் ஐயாவால பார்க்க முடியுமாம். கையெழுத்துப் போட்டவர் நினைச்சது சரியான்னு பார்க்க அவருக்கு அதிகாரம் இல்லையாம்."

கையெழுத்து சரியாகத்தான் இருந்தது.

அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவுவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். செத்தவனுக்காக அழ வந்த மாமா அதுவரை அழவில்லை. இப்போது உயிரோடு போகிறவனைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார்.

வெளியே படிக்கட்டில் வக்கீல் என்னிடம் சொன்னார். "கதவு இருக்கு, பிள்ளை. இப்ப ஆணி அடிச்சு வச்சிருக்கினம். இனி விசாரணைக் குழுவுக்கு எழுதுவம்."

மூன்றாம் பந்தி

குழு கூடுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அவர் வேறு மாநிலத்தில் முள்வேலி முகாமில் இருந்தார். நான் இட்லி மாவு அரைத்து விற்றேன். மக்சிக் தினமும் வந்து என்னோடு உட்கார்ந்திருப்பார். பேச்சு அதிகம் இருக்காது. சில நாள் அந்த மீனைப் பற்றி மன்னிப்புக் கேட்பார்.

குழுவில் நடந்ததைப் பிற்பாடு எனக்குச் சொன்னவர் என் கணவர்தான். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஓய்வுபெற்ற ஒரு துரை, ஒரு சீன முதலாளி, ஒரு மலாய் ஊர்த்தலைவர். அங்கேதான் முதல் முறையாக அவருக்குக் காரணத்தைப் படித்துக் காட்டினார்கள்.

திருவிழா அன்று தோட்டத்து வாசல் வழியாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி வண்டியில் போயிருக்கிறார். ஸ்பீக்கரில் என் கணவரின் குரல்:

"மேட்டு மேல இருக்கற மூணாம் பந்தி கீழ எறங்கி வாங்க. சாப்பாடு தயாரா இருக்கு. போலீஸ்காரவங்க சாப்பிட்டு முடிச்சுப் போயிட்டாங்க. சீக்கிரம் வாங்க."

காட்டிலிருந்தவர்களுக்கு அரசாங்கம் அப்போது வைத்திருந்த பெயர் 'பேண்டிட்.' கொள்ளைக்காரன் என்று பொருள். அந்த அதிகாரியின் காதில் பந்தி அப்படித்தான் விழுந்திருக்கிறது. கூட இருந்த சிலுவைமுத்துவிடம் மீதியைக் கேட்டிருக்கிறார். மேடு, சாப்பாடு, போலீஸ் போயாச்சு. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நான் அந்த அதிகாரியாக இருந்தாலும் வண்டியைத் திருப்பியிருப்பேன்.

"மேட்டில் இருந்தது யார்?" என்று குழு கேட்டது.

"பொம்பளைங்க, ஐயா. வெயிலுக்கு மரத்தடியில ஒக்காந்திருந்தாங்க."

"போலீஸ் போய்விட்டது என்று ஏன் சொன்னாய்?"

"காவலுக்கு வந்தவங்க ரெண்டாம் பந்தியில ஒக்காந்துட்டாங்க ஐயா. அவங்க எந்திரிக்கவே இல்ல. எந்திரிச்சதும் சொன்னேன்."

"ஏன் அவ்வளவு அவசரம்?"

"ரசம் ஆறிடும்ல."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலாய்த் தலைவர், அன்று சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிக் காட்டு என்றார். இவர் மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த தொண்டையைத் திறந்தார். வெளியே காவலுக்கு நின்ற இருவரும் துப்பாக்கியோடு உள்ளே ஓடிவந்துவிட்டார்களாம்.

பிறகு இவர் தனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினார். பந்தி என்றால் வரிசை. ஒரு வரிசை சாப்பிட்டு எழுந்தால் அடுத்த வரிசை உட்காரும். ஊர்த்தலைவர் பெருமூச்சுவிட்டு, துரையின் பக்கம் சாய்ந்து, இது கென்டூரி, எங்கள் ஊர் விருந்திலும் இப்படித்தான் கத்துவார்கள் என்றார். சீன முதலாளிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்ததாம். இவ்வளவு குரலுள்ள மனிதனுக்கு ஸ்பீக்கர் எதற்கு?

கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். தோட்டங்களுக்குப் போகக் கூடாது, வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் வீட்டுக்கு வந்த அன்று கதவருகே நின்று, "பாக்கியம்" என்று என்னைக் கூப்பிட்டார். குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது. நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். சத்தம் திரும்பி வர ஒரு வருஷமாயிற்று.

சிலுவைமுத்து வந்தது

சுதந்திரம் வந்தது. இன்னும் சில வருஷத்தில் எமர்ஜென்சி முடிந்தது என்று அறிவித்தார்கள். அதே சூட்டோடு, விசாரணையில்லாமல் பிடித்து வைக்க வேறொரு சட்டம் வந்ததாக ரேடியோவில் சொன்னார்கள். இந்த முறை நம்முடைய அரசாங்கம் போட்ட சட்டம்.

அந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, சிலுவைமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். போலீஸ் வேலையை விட்டு வெகுகாலமாகியிருந்தது. அத்தனை வருஷமும் தெருவில் எங்களைக் கண்டால் சைக்கிளை வேறு பக்கம் திருப்பியவர். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் குறைத்தே போட்டேன்.

"பந்தின்னா என்னான்னு எனக்குத் தெரியாதாண்ணே?" என்றார் திடீரென்று. "தொரை 'பேண்டிட்'டுன்னாரு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. தம்பிய அப்பத்தான் அடக்கம் பண்ணியிருந்தோம். ஒருவேள நெசமா இருந்துட்டா? நான் விட்டதால இன்னொரு லாரி எரிஞ்சா?"

என் கணவர் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார். "நானா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன். ஒன் தம்பி முகம் எனக்கும் ஞாபகம் இருக்கு. நாட்டுக்கு ஒண்ணுன்னா புடிச்சு வைக்கத்தான்யா வேணும். இப்பப் போட்ட சட்டமும் சரிதான்."

முள்வேலிக்குள் கிடந்துவிட்டு வந்தவர் பேசுகிற பேச்சு இது.

"வேணாம்ணே" என்றார் சிலுவைமுத்து. "அந்தக் காகிதத்த என்னை மாதிரி ஒருத்தன்தான் எழுதுவான். அவன் வீட்லயும் ஒரு சாவு விழுந்திருக்கும்."

"அப்ப ஊரு எப்படிப் பொழைக்கும்?"

"தெரியலண்ணே. ஆனா அந்த நீதிபதி கேட்டிருந்தாருன்னா, நான் சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல."

உள்ளே இருந்தவர் சட்டம் வேண்டும் என்கிறார், உள்ளே போட்டவர் வேண்டாம் என்கிறார். இருவரும் மாற்றி மாற்றி ஒருவருக்காக ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"நாட்டைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க" என்றேன். "அவரை எங்க வச்சிருக்காங்க, எதுக்கு வச்சிருக்காங்க, அவ்வளவுதான் நான் கேட்டேன். ஒவ்வொரு ஸ்டேஷனா நடந்தேன். நீங்க அடுத்த வரிசையிலதானே இருந்தீங்க? மதில்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாட்டுக்கு என்னா ஆயிருக்கும்?"

என் கணவர் கால் விரலைப் பார்த்தார்.

சிலுவைமுத்து மிச்சத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். எழுந்தார். நான் கை நீட்டியும் கோப்பையைக் கொடுக்காமல் தானே பின்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், குழாயடியில் குனிந்து, வெகுநேரம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வர்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன பிறகு எடுத்துப் பார்த்தேன். அடியில் தேத்தண்ணிக் கறை அப்படியே இருந்தது. மறுபடி நான்தான் கழுவினேன்.